கண்ணுக்கு அழகு, நாய்க்கு நோய்

மே மாத மாலை. அம்பர்நாத் சிவன் கோயிலை ஒட்டிச் செல்லும் வால்துனி ஆற்றங்கரையில் காற்று அசைவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து நாய்களை உலவ அழைத்து வருகிறார்கள். கோயில் மதிலோரம் படுத்திருக்கும் செவலைத் தெருநாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போகிறது. சங்கிலியில் வரும் பக் நாய்க்கு அந்த நிம்மதி இல்லை. இருபது அடி நடப்பதற்குள் நின்றுவிடுகிறது. தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம். சோம்பேறி என்று செல்லமாகக் கடிந்துகொள்வது வழக்கம். பெரும்பாலும் அது சோம்பல் அல்ல, மூச்சுத் திணறல்.

மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது அம்பர்நாத். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும் ரசாயன ஆலைகளும் வளர்த்த ஊர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டு விலை ஏற ஏற, மத்திய ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வந்து குடியேறிய தமிழர்களும் இங்கே உண்டு. ஊரின் பெருமை கோயில்தான். சிலாஹார மன்னர் காலத்தது. கல்வெட்டு காட்டும் ஆண்டு கி.பி. 1060. கருங்கல்லில் ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு எப்படி வேண்டுமோ அப்படிக் கல்லைக் குறைக்கலாம், வளைக்கலாம். கல் மூச்சு விட வேண்டியதில்லை.

நாய் மூச்சு விட்டாக வேண்டும். மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடல் குளிர்கிறது. பக் நாயின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கியபோது எலும்பு குறுகியது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. நீண்ட மெல்லண்ணம் மூச்சுப் பாதையை மறைக்கிறது. மூக்குத் துவாரங்கள் வெறும் கீறல்களாகிவிட்டன. பிதுங்கிய கண்களில் எளிதில் புண் வருகிறது. சுருண்ட வால் வேண்டுமென்று தேர்ந்தெடுத்ததில் முதுகெலும்பும் கோணிப் போவதுண்டு. கொங்கணக் கரையின் ஈரக் காற்றில் வியர்வையே காய்வதில்லை என்பது மும்பைவாசிகளுக்குத் தெரியும். நாயின் நாக்குக்கும் அதே கதிதான்.

இந்த நாய் இந்திய வீடுகளுக்குள் பரவலாக நுழைந்ததில் 2003இல் வந்த ஹட்ச் கைபேசி விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடிய அந்தக் குட்டியைப் பார்த்தவர்கள் அதே முகத்தைக் கேட்டு வந்தார்கள். கேட்டதைக் கொடுக்க ஆள் இருந்தார்கள். மேல்நாடுகளில் கதை இன்னும் முற்றியது. பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புல்டாக் இனத்தில் 80 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் சிசேரியன். பெரிய தலை வேண்டுமென்று தேர்ந்தெடுத்த மனிதரின் கை இல்லாமல் அந்தத் தலை வெளியே வர முடியவில்லை.

சட்டங்கள் மெல்ல விழித்துக்கொண்டிருக்கின்றன. மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மூக்கு இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்ய நெதர்லாந்து 2019இல் தடை போட்டது. இந்தியாவில் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்றவற்றை மாநிலத்தின் வெப்பத்துக்கு ஒவ்வாதவை எனப் பட்டியலிட்டது.

அப்படியானால் நாட்டு நாய் வாங்கினால் போதுமா? விடுமுறைக்கு ஊர் போகும் அம்பர்நாத் தமிழர்கள் கல்யாண் சென்று நாகர்கோவில் ரயிலைப் பிடிக்கிறார்கள். அது நிற்கும் விருதுநகரிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் நோக்கிப் போனால் ராஜபாளையம். நூற்பாலைகளுக்கும் நாய்க்கும் பேர்போன ஊர். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்த நான்கு இந்திய நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. அதன் மூக்கு நீளமானது. வெயில் அதற்குப் புதிதல்ல.

ஆனால் இங்கேயும் கண் தன் வேலையைக் காட்டிவிட்டது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு: இதுதான் அசல் என்று மதிக்கப்பட்டது. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்த குட்டிகளைக் கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்ததில் வந்து சேர்ந்தது செவிட்டுத்தன்மை. தோலுக்கு நிறம் தரும் அதே செல்கள் உட்செவிக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்புச் செல்கள் அழிந்துபோகின்றன. புள்ளி போட்ட டால்மேஷன் இனத்திலும் இதே கோளாறு. பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் டால்மேஷனுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் கண்காட்சி விதிப்படி திட்டு ஒரு குறை!

ஆகவே குற்றம் நாய் பிறந்த தேசத்தில் இல்லை. வாங்குகிறவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. செவிட்டுக் குட்டி மற்றக் குட்டிகளைப் பார்த்தே ஓடும், தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பும். குறை எளிதில் புலப்படாது. கூட்டத்திலிருந்து பிரித்து முதுகுக்குப் பின்னால் கை தட்டினால் ஓரளவு தெரியும். ஒரு காது மட்டும் கேளாததை மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனைதான் காட்டும்.

ஊரிலிருந்து அம்பர்நாத்துக்கு ஒரு குட்டியைக் கூட்டி வர நினைப்பவர்கள் எவ்வளவு வெள்ளை என்று கேட்க வேண்டாம். தாயைக் காட்டச் சொல்லலாம். அதற்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று விசாரிக்கலாம். அதே ஈற்றில் பிறந்த கறுப்புக் குட்டி எங்கே என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.