வளையலில் தொங்கிய ஊக்கு

போன வருஷம் ஜெய்ப்பூர் கிளம்பினபோது விமான நிலையத்தில் என் கைப்பையைத் தராசில் வைத்தார்கள். ஒன்பது கிலோ காட்டியது. ஏழுதான் அனுமதி. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தேன். துணி அதிகமில்லை. கனத்ததெல்லாம் மற்ற சாமான்கள். ஐந்து நாளைக்கு ஒன்பது ஜோடித் தோடு, இரண்டு கறுப்பு வெள்ளி மாலை, ஒரு டஜன் உலோக வளையல், மூன்று பெல்ட், ஒரு ஹீல்ஸ், அது கடித்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு செருப்பு. வேறு வழி? ஒவ்வொன்றாக எடுத்து உடம்பில் மாட்டிக்கொண்டேன். கரகாட்டத்துக்குப் போகிறவள் மாதிரி அப்படியே சோதனை வாசலில் நுழைந்தால் அது கத்தாமல் என்ன செய்யும்? மாட்டியதையெல்லாம் திரும்பக் கழற்றித் தட்டில் போட்டேன்.

ஊர் திரும்பிப் பையைப் பிரித்தபோது எண்ணிப் பார்த்தேன். ஒன்பதில் போட்டது இரண்டு ஜோடி.

சித்தியிடம் சொன்னபோது அவள் சிரிக்கக்கூட இல்லை. பன்னிரண்டு நாள் காசி யாத்திரைக்கு ஒரே ஒரு ரெக்சின் பையோடு போய்விட்டு வந்தவள் அவள். அவளுடைய அணிகலன் என்று பார்த்தால், இடது கை வளையலில் எப்போதும் தொங்கும் நாலு ஊக்குகள்தான். புடவை மடிப்புக்கு ஒன்று. மற்ற மூன்றும் ஊருக்குப் பொது. ரயிலில் யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கைக் கொக்கி தெறித்ததற்கு ஒன்று போயிருக்கிறது. அறுந்த செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டு ஒன்று படித்துறை முழுக்க நடந்திருக்கிறது. இந்த ஊக்கைக் கண்டுபிடித்து 1849இல் காப்புரிமை வாங்கியவர் வால்ட்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர். பதினைந்து டாலர் கடனை அடைக்க, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள். பாவம், சித்தியின் வளையலைப் பார்த்திருந்தால் விலையைக் கூட்டியிருப்பார்.

இந்த மே மாதம் கொடைக்கானலுக்கு மூன்று நாள். ஒரே தோள்பை என்று தீர்மானித்துவிட்டு, அலமாரி முன்னால் நெடுநேரம் நின்றேன். முதலில் உலோகத்தை முடிவு செய்தேன்: வெள்ளி நிறம் என்றால் எல்லாமே வெள்ளி நிறம். பாதி தங்கம் பாதி வெள்ளி என்று எடுத்தால் அங்கே போய் ஒன்றோடொன்று சண்டை போடும். ஆக, ஒரு நடுத்தர ஜிமிக்கி. பகலில் அதன் குடையைக் கழற்றிவிட்டு மேல்தோட்டை மட்டும் போடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குடையோடு. கனமான ஷூ காலிலேயே போய்விடும், பைக்குள் ரப்பர் செருப்பு மட்டும். புதுச் செருப்பைப் பயணத்துக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, குதிகாலே சொல்லிவிடும்.

மிச்ச வேலை முழுவதும் ஒரு சுங்குடித் துப்பட்டாவின் தலையில். மதுரைச் சௌராஷ்டிரப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்தது. முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அச்சடித்த சுங்குடி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, கண்ணுக்கும் குறையில்லை. ஆனால் கையால் கட்டினதைத் தடவினால் புள்ளிக்குப் புள்ளி சின்னதாக ஒரு மேடு தட்டும். நிறம் அரக்கு. கறுப்புக்கும் ஒத்துப்போகும், கடுகு மஞ்சளுக்கும் ஒத்துப்போகும், சந்தன நிறக் குர்த்தியைப் பளிச்சென்று எடுத்துக்கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: புதுச் சுங்குடியைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். முன்பு ஒரு தடவை மழையில் நனைந்து, என் வெள்ளைக் குர்த்தியின் தோளில் செம்பருத்தி பூத்ததுபோல் சாயம் இறங்கிவிட்டது. நாலைந்து முறை தனியாக அலசி, நிறம் அடங்கின பிறகுதான் அது ஊர் சுற்றத் தகுதி பெறும்.

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது இந்த அரக்குத் துப்பட்டா கழுத்தில் வெறும் அலங்காரம். வத்தலக்குண்டு வரை வெயிலுக்கு முக்காடு. மலை ஏற ஏறக் காதை மூடியது, சுருட்டி வைத்தால் ஜன்னலுக்கும் தலைக்கும் நடுவே தலையணை. குறிஞ்சியாண்டவர் கோயிலில் தோளை மூடிக்கொண்டேன். ஏரிக்கரை பெஞ்சின் ஈரத்தைத் துடைத்ததும் அதுதான். பிறகு வெயிலில் பத்து நிமிஷம் உதறிக் காயவைத்தேன். முதல்நாள் ராத்திரி குளிர் பல்லைக் கிட்டவைத்தபோது முக்கோணமாக மடித்துத் தோளில் போட்டு முன்னால் ஒரு ஊக்கு குத்தினேன். பக்கத்து மேஜை அம்மாள் எழுந்து வந்து, "இந்த ஷால் எங்கம்மா வாங்குனீங்க?" என்று கேட்டார். ஒன்பது ஜோடித் தோட்டையும் சுமந்து திரிந்த ஜெய்ப்பூரில் ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

இதனால் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் போட்டோவிலும் ஒரே துப்பட்டா, ஒரே ஜிமிக்கி. "ஒரே நாள்ல எடுத்ததாடி?" என்றாள் தோழி. போகட்டும், மலை மாறியிருக்கிறதே.

கடைசி நாள் பஸ் ஸ்டாண்டு வாசலில் கூடைக்காரி இரண்டு கிலோ பிளம்ஸை நிறுத்துவிட்டாள். தோள்பையில் அதற்கு இடமில்லை. துப்பட்டாவை விரித்துப் பழங்களைக் கொட்டி, நாலு மூலையையும் சேர்த்து முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டு பழம் நசுங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உதறிப் பார்த்தால் அரக்கில் கறை தெரியவே இல்லை. சித்திதான் துணியை மூக்கருகில் கொண்டுபோய், "எனக்கு எத்தனை பழம் எடுத்து வச்சிருக்க?" என்றாள்.