எரிந்த தட்டு

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓரிரவு, பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய பொருளொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே அழைத்து அமரச் சொன்னேன். அவன் அமரவில்லை. தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தான். கருகிய நாற்றம் அறையெங்கும் பரவியது. அது ஒரு மோட்டார்க் காரின் கிளச் தட்டு.

"சேர், இதுக்கு நான் 65,000 ரூபா கட்டணுமாம்" என்றான்.

அவன் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயன் அறையிற் பிறந்து வளர்ந்தவன். அப்பகுதிப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பித்த நாட்களில் முன்வரிசையிலிருந்து ஓயாது கேள்வி கேட்டவன். தாய் கொழுந்து பறிப்பவர். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 500 ரூபா. 1000 ரூபா கேட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். அத்தொகை 2021 ஆம் ஆண்டிலேதான் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது. இத்தகைய குடும்பத்தின் மூத்த பிள்ளைக்குச் சாதாரண தரத்துக்கு அப்பாற் படிப்பு ஏது? கொழும்புக்கு வந்து, நகரின் ஓரத்திலிருந்த ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். மாதச் சம்பளம் 25,000 ரூபா. அதில் மாதம் 5,000 ரூபா வீதம் 13 மாதங்களுக்குக் கழிப்பதென்று கராஜ் முதலாளி தீர்ப்பளித்துவிட்டார். முதற் கழிவும் நடந்தாயிற்று.

நான் அன்று சொன்ன ஆலோசனையை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. "வேலை போய்விடும். பணிந்து போ. பிழை நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, தவணையைச் சிறிது குறைக்கும்படி கேள்" என்றேன். காலமெல்லாம் தொழிலாளர் உரிமையைப் பற்றிக் கூட்டங்களிற் பேசியவன்தான் நான். ஆயினும் அவன் பிழை செய்திருப்பான் என்பதை ஒரு கேள்வியுமின்றி என் மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அவன் சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "காரணம் எழுதாம விடை எழுதினா சேர் மார்க்ஸ் தரமாட்டீங்களே" என்றான்.

அதன் பின்னரே நான் கண்ணாடியை அணிந்துகொண்டு அந்தத் தட்டைக் கையிலெடுத்தேன்.

கார் ஒரு வசதியான வியாபாரியுடையது. தொண்ணூறுகளில் வந்த ஹொண்டா சிவிக். அதிலிருந்த சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டு, நிமிடத்துக்கு 8000 சுற்றுவரை சுழலக்கூடிய, ஏறத்தாழ 160 குதிரைவலுவுள்ள 1600 சி.சி. எஞ்சினொன்றைப் பொருத்தியிருந்தார்கள். பின் ஆசனங்கள் இல்லை. பாரம் குறைய வேண்டுமாம். ஏப்ரல் மாதத்து மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கென அது தயாராகிக்கொண்டிருந்தது. 1934 ஆம் ஆண்டிலே தொடங்கிய போட்டி அது. வெள்ளைத் துரைமார் காலத்தில் ஆரம்பித்து, இன்று நம் நாட்டுத் தனவந்தரின் விளையாட்டாக நிலைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஏற்றப் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிட்டு ஏறும். என் மாணவன் சிறுவனாயிருந்தபோது தேயிலைச் செடிகளினிடையே நின்று அதைப் பார்த்தவன். எஞ்சின்மீது அவனுக்கு ஆசை பிறந்த இடமும் அதுவே.

போட்டிக்கு முன்னதாகக் காரைக் கட்டுக்குருந்தைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை அமைத்த விமான ஓடுபாதை அங்கே உண்டு. போருக்குப் பின் அது மோட்டார்ப் பந்தயங்களுக்கும் இடமாயிற்று. முதல் மூன்று சுற்றுகளில் கார் காற்றாகப் பறந்தது. நான்காவது சுற்றில் எஞ்சின் ஓலமிட்டது, வேகமோ ஏறவில்லை. கருகல் நாற்றம் எழுந்தது. ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த பின் மறுபடி ஓட்டினார்கள். நன்றாகவே ஓடியது. இரண்டு சுற்றுகளின் பின் பழைய கதையே. மாலையில் காரை லொறியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கிளச் பூட்டியவன் யார் என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. வழக்கு அத்துடன் முடிந்தது.

இனி, கிளச் என்பது என்னவென்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் பிளைவீல். கியர்ப் பெட்டியின் தண்டிலே கிளச் தட்டு இருக்கிறது. பிரஷர் பிளேட் என்னும் வில்லமைப்பு இந்தத் தட்டைப் பிளைவீலோடு இறுக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தினால் உண்டாகும் உராய்வே எஞ்சினின் வலுவைச் சக்கரங்களுக்குக் கடத்துகிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள ஒயில் தள்ளப்பட்டு, கீழேயுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. அது ஒரு கவையைத் தள்ள, கவை கிளச் பெயாரிங்கைத் தள்ள, வில்லின் பிடி விடுபடுகிறது. ஆங்கிலத்தில் மேலேயுள்ளதற்கு எசமான் என்றும் கீழேயுள்ளதற்கு அடிமை என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிட்டவர்களுக்கு உலகம் அப்படித் தோன்றியிருக்கிறது போலும்.

கிளச் இரண்டு விதமாகப் பழுதாகும். பெடலை மிதித்தும் பிடி விடாவிட்டால் கியர் மாற்றும்போது பற்கள் கிறீச்சிடும். பெடலை மிதிக்காதபோதே பிடி நழுவினால் எஞ்சின் மட்டும் சுற்றும், கார் போகாது. இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. நம் கார் இரண்டாவது வகை.

நழுவுவதற்குக் காரணங்கள் பல. தட்டு தேய்ந்து மெலிந்திருக்கலாம். எஞ்சின் ஒயில் கசிந்து தட்டில் ஊறியிருக்கலாம். கூட்டிய வலுவைத் தாங்கும் அழுத்தம் வில்லுக்கு இல்லாதிருக்கலாம். மேசைமேலிருந்த தட்டை இந்த ஒழுங்கிலே நாங்கள் இருவரும் பார்த்தோம். கனம் ஏறக்குறையப் புதியதைப் போலவே இருந்தது, ஆகவே தேய்வன்று. ஒயில் ஊறிய அடையாளம் எங்குமில்லை. இரு முகங்களும் ஒரே சீராகக் கருகி, கண்ணாடிபோல் மினுங்கின. கோணலாகப் பூட்டியிருந்தால் ஒரு பக்கமே அதிகம் எரிந்திருக்கும். வில்லோ இந்த வலுவுக்கென்றே வாங்கிய கனத்த வில். "பெயாரிங் எப்படி இருந்தது?" என்றேன். "நீலம் பாய்ஞ்சு, கிறீஸ் உருகி ஓடியிருந்திச்சு சேர்" என்றான். அவ்விடத்தில் எங்கள் இருவருக்குமே பொறி தட்டியது. பெடலை மிதிக்காதபோதும் பெயாரிங் அழுந்திக்கொண்டே இருந்திருக்கிறது. சூடு ஏறினால் நழுவுகிறது, ஆறினால் பிடிக்கிறது. தட்டில் இல்லாத பிழையைத் தட்டுக்கு வெளியே தேட வேண்டும்.

மறு ஞாயிறு நான் அந்தக் கராஜுக்குப் போனேன். அங்கே தலைமை மெக்கானிக்காக ஒரு முதிய சிங்களத் தொழிலாளி இருந்தார். கைத்தொழில் வல்லவரைச் சிங்களத்திற் 'பாஸ்' என்று அழைப்பது வழக்கம். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. சம்பவம் நடந்தபோது அவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். பையன் சொன்னதை முழுவதும் கேட்டார். இடையிற் பேசவில்லை. பிறகு, புதிய தட்டைத் தொடக்கூடாது என்றார். "காரணம் தெரியாமற் புதியதைப் போட்டால் அதுவும் எரியும். அப்போது யாருடைய சம்பளத்திற் கழிப்பது?" என்று அவர் சிங்களத்திற் சொன்னது முதலாளிக்கும் கேட்டது.

எஞ்சினோடு வந்த பழைய தட்டு ஒரு மூலையிற் கிடந்தது. சோதனைக்கென அதைப் பூட்டினார்கள். பாஸ் தாமே காரை எடுத்து, நடுப்பகல் வெயிலில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினார். உயர்ந்த கியரில் நிதான வேகத்திற் போய்க்கொண்டிருக்கும்போது அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தார். எஞ்சினின் சுற்று சட்டெனத் தாவியது, வேகமுள் அசையவில்லை. நழுவல் வந்துவிட்டது. உடனே கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

அடுத்து நடந்ததை நான் எந்த ஆய்வுகூடத்திலும் கண்டதில்லை. பெடலை ஒருவரும் தொடவேண்டாம் என்றார். பையனைக் காரின் முன்னே குனியச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள காற்று வெளியேற்றும் திருகைச் சிறிது தளர்த்தச் சொன்னார். பெடலை ஒருவரும் மிதிக்காமலே அந்தத் திருகிலிருந்து ஒயில் பீறிட்டுப் பாய்ந்தது. திருகை இறுக்கிவிட்டு மீண்டும் ஓட்டினார். எஞ்சின் அதே சூட்டில்தான் இருந்தது, நழுவலைக் காணவில்லை.

மாஸ்டர் சிலிண்டரில், பிஸ்டன் முழுவதும் பின்வாங்கும்போது மட்டும் திறக்கும் ஊசித்துளை போன்ற ஒரு வழி உண்டு. சூட்டினால் விரியும் ஒயில் அவ்வழியாகத்தான் மேலேயுள்ள கிண்ணத்துக்குத் திரும்பும். பெடலையும் பிஸ்டனையும் இணைக்கும் கம்பி அளவுக்கு மிஞ்சி நீட்டப்பட்டிருந்தால் பிஸ்டன் பின்வாங்காது, துளை திறக்காது. விரிந்த ஒயிலுக்குப் போக்கிடமில்லை. அது பெயாரிங்கைத் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் பெடலை அரைகுறையாக மிதித்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. நழுவினால் சூடு, சூடேறினால் இன்னும் நழுவல். புதிய தட்டொன்று ஒரு பகலிற் கருக இதுவே போதும்.

பாஸ் பெடலின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். கம்பியில் இம்மியும் தளர்வு இல்லை.

"இதைத் திருப்பியது யார்?" என்றார்.

"நான்தான் பாஸ்" என்றான் என் மாணவன்.

ஒருகணம் எனக்குத் தலை கவிழ்ந்தது. பிறகு முழுக் கதையும் வெளிவந்தது. கியரை விரைவாக மாற்றுவதற்காகப் பெடல் உச்சியிலேயே பிடிக்க வேண்டும் என்று கார்ச் சொந்தக்காரர் கேட்டிருக்கிறார். செய்து கொடு என்று முதலாளி ஏவியிருக்கிறார். தளர்வு இல்லாமற் போகுமே என்று பையன் தயங்கியபோது, சொன்னதைச் செய் என்ற பதில் கிடைத்திருக்கிறது. தளர்வு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் வேண்டும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கட்டளைக்குச் சாட்சியில்லை. கம்பியைத் திருப்பிய கைக்கு மட்டும் சாட்சி இருந்தது.

முதலாளி எதையும் மறுக்கவில்லை. எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பாஸ் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியை உள்வாங்கி, பெடலிற் சில மில்லிமீற்றர் தளர்வு விட்டு இறுக்கினார். அதை அவர் தனியே செய்யவில்லை. பையனின் விரலைப் பிடித்து அந்தத் தளர்வின்மேல் வைத்து, "இதுதான் அந்தத் துளை திறந்திருப்பதற்கு அடையாளம்" என்று சொல்லிச் செய்தார். புதிய தட்டின் விலையைக் கார்ச் சொந்தக்காரரே கொடுத்ததாகப் பின்னர் அறிந்தேன். மீதித் தவணைகள் கழிக்கப்படவில்லை. கழித்த 5,000 ரூபா திரும்பி வரவும் இல்லை.

இதனை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல நான் வரவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறு. பழுதின் காரணத்தைத் தேடுவது ஒன்று. பழி சுமத்த ஆளைத் தேடுவது இன்னொன்று. முன்னதற்கு ஒழுங்கு வேண்டும், பொறுமை வேண்டும், தன் கட்டளையும் சோதனைக்கு உட்படும் என்ற சம்மதம் வேண்டும். பின்னதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. கடைசியாக ஆயுதத்தைப் பிடித்தவன் யார் என்று பார்த்தாற் போதும். அவன் எப்போதும் கீழேயே இருப்பான். பாடசாலைகளிற் பரீட்சை முடிவு சரிந்தால் மாணவனையும், தோட்டத்திற் கொழுந்து நிறை குறைந்தால் பறித்தவளையும் நாம் இப்படித்தானே தீர்ப்பிடுகிறோம்? அன்றிரவு என் வீட்டு மேசையில் நானும் அப்படித்தான் தீர்ப்பிட்டேன்.

அந்த வாரமே என் மாணவன் 40 பக்க அப்பியாசக் கொப்பியொன்று வாங்கினான். எந்த வாகனம், என்ன வேலை, யார் சொன்னது, செய்யுமுன் அளவு என்ன, செய்தபின் அளவு என்ன என்று ஒவ்வொன்றையும் அதில் எழுதத் தொடங்கினான். கராஜிலிருந்த மற்ற இரு இளைஞரும் பின்னர் கொப்பி வாங்கினார்கள். ஒருவன் சிங்களத்தில் எழுதுகிறான். வேலையைச் சொல்லும்போது கொப்பி திறக்கப்படுவதைக் கண்டால் முதலாளி இப்போது ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாராம்.

எரிந்த தட்டு இன்னமும் என்னிடமே இருக்கிறது. அவன் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மாணவர் எவரேனும் வீட்டுக்கு வந்து அது என்னவென்று கேட்டால், முதலில் அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்கிறேன்.