முந்நூறு மீட்டரில் நின்ற துளை

2012 பிப்ரவரி 5, வஸ்தோக் நிலையம், அண்டார்க்டிகா.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரஷ்யர்கள் இறக்கிக்கொண்டிருந்த துளை 3,769 மீட்டரில், பனிக்கு அடியில் புதைந்த வஸ்தோக் ஏரியைத் தொட்டது. ஏரி நீர் தன் அழுத்தத்தில் துளைக்குள் பாய்ந்தேறி உறைந்தது. ஆனால் துளை மூடிக்கொள்ளாதிருக்க அதில் நிரப்பியிருந்தது மண்ணெண்ணெயும் ஃப்ரியானும். கிடைத்த மாதிரியில் எந்த நுண்ணுயிர் ஏரியுடையது, எது எண்ணெயோடு வந்தது என்ற கேள்வி கூடவே ஒட்டிக்கொண்டது.

2012 டிசம்பர், எல்ஸ்வொர்த் ஏரி.

மேற்கு அண்டார்க்டிகாவில் 12 பேர் கொண்ட பிரிட்டன் குழு. தலைவர் மார்ட்டின் சீகெர்ட். மண்ணெண்ணெய்க்கு இங்கே இடமில்லை; பனியை உருக்கி, வடிகட்டி, புற ஊதா ஒளியில் தூய்மையாக்கிய வெந்நீர்தான் துளைக்கருவி. ஏரி 3 கிலோமீட்டருக்கும் கீழே. துளை சுமார் 24 மணி நேரம்தான் திறந்திருக்கும். அதற்குள் நீரையும் வண்டலையும் எடுத்துவிட வேண்டும்.

முதலில் 300 மீட்டர் ஆழத்தில் வெந்நீரைப் பாய்ச்சி ஒரு குடைவு உண்டாக்கினார்கள். பக்கத்திலேயே இன்னொரு துளை இறக்கி அதோடு சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நீரை மேலே இழுத்து மறுபடி சூடாக்கலாம், ஏரியைத் தொடும் நொடியில் அழுத்தத்தையும் சமப்படுத்தலாம். 20 மணி நேரத்துக்கும் மேல் முயன்றார்கள். சேரவில்லை. வெந்நீர் மேலடுக்குப் பனியில் கசிந்து காணாமல் போனது. ஈடுகட்ட மேலும் மேலும் பனியை வெட்டிப்போட்டு உருக்கியதில் எரிபொருளும் கரைந்தது.

கிறிஸ்துமஸ்.

பணி நிறுத்தப்பட்டது. திட்டத்துக்கு வயது 16. தோல்வி என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஏரியில் ஒரு சொட்டு அழுக்குகூட விழவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

2013 ஜனவரி இறுதி, வில்லான்ஸ் ஏரி.

ஒரு மாதம்தான் கழிந்திருந்தது. அண்டார்க்டிகாவிலேயே பனிக்கு அடியில் இன்னொரு ஏரி; இங்கே வந்த அமெரிக்கக் குழுவும் வெந்நீரைத்தான் நம்பியது. பனியின் தடிமன் இங்கே 800 மீட்டர்தான். இந்த முறை துளை எட்டியது. ஏரியின் ஆழம் ஆள் உயரத்தைவிடச் சற்றே அதிகம், ஏறக்குறைய 2 மீட்டர். மேலே வந்த நீரில் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தபோது புள்ளி புள்ளியாகப் பச்சை ஒளிர்ந்தது. உயிர்!

ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1,30,000 செல்கள். வெயிலே படாத அந்த நீரில் அம்மோனியம் போன்றவற்றிலிருந்து ஆற்றல் எடுத்து வாழும் நுண்ணுயிர்கள் இருந்தன. 2014 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது.

வில்லான்ஸ் நீரைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிந்ததற்குக் காரணம், உள்ளே இறங்கிய வெந்நீரும் கருவிகளும் சுத்தமாக இருந்ததுதான்.