ஓசையும் காரணமும்

செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற ஊர் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பின்னர், நகரை மீண்டும் எழுப்புவதற்கான செங்கற்கள் இங்கே சுடப்பட்டன. பின்பு இரயில்வே வந்தது. தமிழர் குடியிருப்புகளும் பெருகின. நின்ற வண்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே விரிசலைக் கண்டறிவது இரயில்வேத் தொழிலாளர் கைவரப்பெற்ற கலையாகும். அத்தகைய தொழிலாளி ஒருவரின் மகன், முதுமையிலும் இவ்வூரின் சந்தொன்றில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருகிறார்.

ஒருநாள் மாலை, ஆசிரியர் ஒருவர் தம் பழைய காரை அங்கே கொண்டு வந்தார். காலையில் இயந்திரத்தை முடுக்கியவுடன் பெல்ட் கீச்சிட்டது; மழை நாளில் ஓசை மிகுந்தது. இரண்டு வாரமாக அவர் பெல்ட்டில் சவர்க்காரத்தைத் தேய்த்து அதனை அடக்கி வந்தார். மறுநாள் தாயாரை ஈப்போவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

"பெல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள், அண்ணே" என்றார்.

"மாற்றலாம், வாத்தியாரே. முதலில் அது ஏன் கத்துகிறது என்று பார்ப்போம்" என்றார் பெரியவர்.

ஓடும் இயந்திரத்தின் பெல்ட்டில் சிறிது நீரைத் தெளித்தார். நீர் பட்டதும் ஓசை உயர்ந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். சற்றே அடங்கிப் பின் மீண்டும் எழுந்தால், கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை என ஐயுறலாம். ஓசை உயர்ந்தது. இயந்திரத்தை நிறுத்தி, இரு கப்பிகளுக்கு இடையே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்ந்தது, இறுக்கம் போதுமானதே. எனவே வழுக்கலுக்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றினார். ஆப்பு வடிவப் பெல்ட் தன் இரு பக்கங்களாலேயே கப்பியைப் பற்றுகிறது. அப்பக்கங்கள் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னின. ரேடியேட்டர் நீரின் பிசுபிசுப்பும் படிந்திருந்தது. பின்னர்க் கப்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினார். ஆல்டர்னேட்டரின் கப்பி தடையின்றிச் சுழன்றது. நீர்ப்பம்பின் கப்பியோ பிடித்து அசைத்தபோது ஆடியது. பம்பின் அடியிலிருந்த சிறு துளையருகே நீர் கசிந்து உலர்ந்த கறை தெரிந்தது.

"சவர்க்காரம் பெல்ட்டின் வாயை அடைத்தது, பம்பின் பேரிங் தேய்ந்துகொண்டே இருந்தது" என்றார் பெரியவர்.

நெடுஞ்சாலையில் பம்பு நின்றுபோயிருந்தால் இயந்திரம் கொதித்திருக்கும். அதன் தலைப்பகுதி வளைந்திருக்கவும் கூடும். வயது முதிர்ந்த தாய் வெயிலில் சாலையோரம் நிற்க நேர்ந்திருக்கும். ஆசிரியர் காரை அங்கேயே விட்டுச் சென்றார். மறுநாள் தாயும் மகனும் கோலாலம்பூர் சென்ட்ரலில் இரயில் ஏறினர்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. பிணி எதுவெனத் தெரிந்த பின்னரும் அதன் காரணத்தை ஆராய்ந்தே மருத்துவம் தொடங்க வேண்டும் என்பதை அவ்வதிகாரம் உணர்த்துகிறது. அதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வந்தவர் அவர். பயணம் முழுவதும் அந்தக் குறள் அவர் மனத்தை உறுத்தியது.

அடுத்த வாரம், வகுப்பில் ஓயாது சத்தமிடுவதால் வழக்கமாக வெளியே நிறுத்தப்படும் மாணவன் ஒருவனை அவர் அருகே அழைத்தார்.

"காலையில் சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்டார்.

அவன் தலைகுனிந்து, இல்லை என்றான்.