ஐந்து கொடியும் ஒரு கும்பிடும்

மனிதனாய்ப் பிறந்தவனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருந்தே தீரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். சிலருக்குத் தபால் தலைப் பைத்தியம். சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். சிலருக்குத் தேர்தல் பைத்தியம். என்னைப் பிடித்திருப்பது உச்சிப் பைத்தியம். பாரத தேசத்தின் ஒவ்வொரு மாநிலத்திலும் எது எல்லாவற்றிலும் உயர்ந்த இடமோ, அங்கே போய் ஒரு தடவை நின்றுவிட்டு வரவேண்டும் என்பதே இதன் லட்சணம்.

"நாற்பத்தைந்து வயதில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறவருக்கு மலையேறும் ஆசை எதற்கு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் பூகோளம் போதிக்கும் உபாத்தியாயன். இருபது வருஷமாக மலைகளின் பெயர்களையும் உயரங்களையும் மாணவர்களிடம் ஒப்புவித்து வந்திருக்கிறேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஸார், இந்த மலைகளில் நீங்கள் பார்த்தது எது?" என்று கேட்டுவிட்டான். பழனி மலையையும் திருச்சி மலைக்கோட்டையையும் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

அன்று இரவே சிவப்புக் காகிதத்தில் சின்னஞ்சிறு கொடிகள் இருபத்தெட்டு செய்து முடித்தேன். மாநிலங்கள் 28 அல்லவா? வகுப்புச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில், ஏறிய சிகரத்துக்கு ஒரு கொடி குத்துவது, ஏறாததற்குக் குத்துவதில்லை. எனக்கும் மாணவர்களுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் இவ்வளவுதான். அந்த வகுப்புப் பிள்ளைகள் மேலே போய்விட்டார்கள். ஒப்பந்தம் மட்டும் வகுப்புக்கு வகுப்பு கைமாறி வருகிறது.

இந்தப் பைத்தியத்துக்கு நான் ஆதிகர்த்தா அல்ல. அமெரிக்காவில் மார்ஷல் என்பவர் அப்போதிருந்த 48 மாநிலங்களின் உச்சிகளையும் 1936-ஆம் வருஷத்துக்குள் ஏறி முடித்துவிட்டார். இப்போது அங்கே மாநிலங்கள் ஐம்பது. அலாஸ்காவின் தெனாலி சிகரம் 6,190 மீட்டர். ஃப்ளோரிடாவின் உச்சியோ வெறும் 105 மீட்டர்! அதை ஏறினவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பஸ் ஏறிய சிகரம்

முதல் கொடி சொந்த வீட்டுக்கு. நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். பெயருக்கு அர்த்தம் 'பெரிய மலை' என்பதாகும். பெரிய மலைதான், ஆனால் ஏறியது நான் அல்ல, வண்டி. உதகமண்டலத்திலிருந்து உச்சியின் வாசல் வரையில் ரஸ்தா போகிறது. மேலே தொலைநோக்கி மாளிகை, வேகவைத்த சோளக்கதிர், குழந்தைகளின் கூச்சல். பாடுபடாமல் கிடைத்த கொடியைக் குத்தும்போது கை கொஞ்சம் கூசிற்று.

இரண்டாவது, கர்நாடகத்தின் முல்லையனகிரி, 1,930 மீட்டர். இங்கும் பெரும்பகுதி வண்டிதான். கடைசியில் சில நூறு படிகள் ஏறினால், உச்சியில் காற்று மோதும் சிறு கோயில். இது பாபா புடன் மலைத்தொடரைச் சேர்ந்தது. அரபு நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொண்டு வந்து இந்த மலைகளில் விதைத்தவர் பாபா புடன் என்பது கர்ணபரம்பரை. காலையில் டிகாக்ஷன் இறங்காவிட்டால் கண் திறக்காத நம் குடும்பங்கள் அவரை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொன்ன வேலைக்கு மேல் வேலை

மலையேற்றம் என்றால் என்னவென்று எனக்குக் கற்பித்தது மகாராஷ்டிரத்தின் கல்ஸுபாய். உயரம் 1,646 மீட்டர்தான். தொட்டபெட்டாவுக்கு ஆயிரம் மீட்டர் குறைவு. ஆனால் இங்கே உச்சிக்கு ரஸ்தா கிடையாது. இகத்புரி ஸ்டேஷனில் இறங்கி, பாரி என்னும் கிராமத்துக்குப் போய், விடியுமுன் நடக்க ஆரம்பித்தேன். வயல் வரப்பு முடிந்ததும் பாறை. பாறை செங்குத்தாகிற இடங்களில் இரும்பு ஏணி. முதல் ஏணியில் கைலாசபதியைக் கூப்பிட்டேன். அடுத்த ஏணியில் என் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கடுத்ததில் யாரையும் கூப்பிட மூச்சு இல்லை.

மோர் விற்பதற்காகத் தலையில் பானையுடன் மேலே போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து, "ஹளூ, ஹளூ" என்றாள். எனக்கு மராத்தி தெரியாது. ஆனாலும் 'மெள்ள, மெள்ள' என்றுதான் சொல்கிறாள் என்பதை என் முழங்கால் உடனே மொழிபெயர்த்துவிட்டது.

உச்சியில் தேவியின் சிறிய கோயில். நாலு பேர் சேர்ந்து நின்றால் நெரியும். கல்ஸு என்ற பெண் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாளாம். இன்ன வேலைதான் செய்வேன் என்று முதலிலேயே பேச்சு. பிறகு வீட்டார் பேச்சை மீறி வேறு வேலை ஏவவே, அவள் மனம் வெறுத்து மலைமேல் வந்து தங்கிவிட்டாள். அவளே தேவியானாள் என்கிறார்கள். ஜனத்தொகைக் கணக்கு, வாக்காளர் ஜாபிதா என்று பாடத்துக்கு வெளியே பல வேலைகள் பார்க்கும் உபாத்தியாயன் அந்தத் தேவியின் முன் எவ்வளவு பக்தியுடன் நின்றிருப்பேன் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மலை நகரவில்லை

நாலாவது கொடி ராஜஸ்தானத்தில், ஆபு மலையின் குரு சிகரத்தில். 1,722 மீட்டர். தத்தாத்ரேயர் சந்நிதியில் மணி அடித்துவிட்டு நிற்கையில் ஒரு விஷயம் மனசில் தைத்தது. ஆபு மலை 1956 வரையில் பம்பாய் மாநிலத்தில் இருந்தது. மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதுதான் ராஜஸ்தானத்துக்கு வந்தது. அதாவது, அதுவரை பம்பாயின் உச்சி குரு சிகரம்; அது போன பிறகு கல்ஸுபாய்க்குப் பட்டம் கிடைத்தது. நந்தாதேவி 2000-ஆம் வருஷம் வரை உத்தரப் பிரதேசத்தின் உச்சி. இப்போது உத்தராகண்டத்தின் உச்சி. பாரஸ்நாத் மலையும் அதே வருஷத்தில் பீகாரை விட்டு ஜார்க்கண்டுக்குப் போயிற்று. இந்த மலைகளில் ஒன்றாவது ஓர் அங்குலம் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. நான் கொடி குத்துவது மலைக்கா, கோட்டுக்கா என்ற சந்தேகம் அன்று பிறந்தது.

அந்தச் சந்தேகத்துக்குக் குஜராத்தில் பதில் கிடைத்தது. அந்த மாநிலத்தின் உச்சி கிர்நார்; 1,117 மீட்டர். கல்லிலே படி அமைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் படி என்பது ஜன வாக்கு. எண்ணிப் பார்க்கத் தீர்மானித்து, எண்ணூற்றுச் சொச்சத்தில் எனக்குக் கணக்கும் மூச்சும் ஒன்றாய்த் தப்பிவிட்டன. டோலி தூக்குகிறவர்கள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "இவன் எப்படியும் நமக்குத்தான்" என்பது போல ஒரு பார்வை பார்த்தார்கள். ஜைனக் கோயில்களையும் அம்பாஜி சந்நிதியையும் தாண்டிக் கோரக்நாதர் சிகரத்தில் நின்றபோது, அவர்கள் ஏமாந்ததில் எனக்குச் சற்றுக் கர்வமாகவே இருந்தது.

ஆனால் கிர்நாரில் நான் மறக்க முடியாதது உச்சி அல்ல, அடிவாரம். ஜூனாகட்டிலிருந்து மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் அசோக சக்கரவர்த்தியின் சாஸனங்கள். சுமார் 2,250 வருஷங்களுக்கு முன் வெட்டிய எழுத்து. மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் வைத்திய வசதி செய்ததையும், மூலிகைகள் இல்லாத இடங்களில் கொண்டு வந்து நட்டதையும் அதில் ஒரு சாஸனம் சொல்கிறது. தம் ராஜ்யத்தில் மட்டுமா? எல்லைக்கு அப்பால் உள்ள நாடுகளிலும் செய்ததாகச் சொல்லி, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பெயர்களை அடுக்குகிறது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, பாஷை தெரியாத இடத்தில், நம் சோழரும் பாண்டியரும் ஒரு கல்லின்மேல் எனக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! எல்லைக் கோட்டோடு கருணையை நிறுத்திக்கொள்ளாத ஓர் அரசனின் எழுத்துக்கு முன்னால் நின்று, என் கொடிக் கணக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிரித்தேனே தவிர, கணக்கை விடவில்லை. அதன் பலனை ஆனைமுடியில் அனுபவித்தேன்.

ஆறாவது கொடி

ஆனைமுடி கேரளத்தின் உச்சி. 2,695 மீட்டர், இமயத்துக்குத் தெற்கே பாரத நாட்டில் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. காலாண்டு விடுமுறைக்கு முதல் நாள், "திங்கட்கிழமை வரும்போது ஆறாவது கொடி" என்று வகுப்பில் பறைசாற்றிவிட்டுப் புறப்பட்டேன். எட்டாவது படிக்கும் என் பெண்ணும் கூட வந்தாள்.

மூணாற்றிலிருந்து போனால், இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசலில் வனத்துறையின் பஸ் ஏற்றிக்கொண்டு ராஜமலையில் விடுகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடக்கலாம். எதிரே, யானையின் மத்தகம் போல வழவழப்பான கரும்பாறை, மேகத்தை இழுத்துப் போர்த்துவதும் நீக்குவதுமாக இருந்தது. பாதையோரத்தில் வரையாடுகள் மேய்ந்தன. கைக்கெட்டும் தூரத்தில் குட்டியோடு நின்ற ஒரு தாய், எங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புல்லைக் கவனித்தது. மனிதனைக் கண்டு பயப்படவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாலை ஓரிடத்தில் முடிந்தது. அதற்கு மேல் யாத்திரிகர்களுக்கு அனுமதி கிடையாது. இது தெரியாமல் நான் வரவில்லை. எப்படியாவது உத்தரவு வாங்கிவிடலாம் என்று நம்பி வந்தேன். காவலர் மரியாதையாகத் தலையசைத்து மறுத்துவிட்டார். வரையாட்டுக்கு மிஞ்சியிருக்கும் சில வீடுகளில் இது ஒன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதும் இங்கேதான், 2018-இல் பூத்தது. இந்தப் புல்வெளியும் சோலையும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே சிறுகச் சிறுக ஓடைகளாக விடுகின்றன. ஆயிரம் உபாத்தியாயர்கள் கொடி நட ஏறினால் அந்தப் புல் என்ன ஆகும்?

அன்று மாலை விடுதியில் ஓர் ஆசாமி என்னைத் தனியாக அழைத்தார். "ஸார், விடியற்காலம் மூன்று மணிக்கு வந்தால் வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன். ஒருவருக்கும் தெரியாது. ஏதோ கொஞ்சம் செலவாகும்" என்றார். அவர் கேட்ட தொகை என் பையில் இருந்தது. இராத்திரி பதினொரு மணி வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வகுப்பில் பறைசாற்றிய வார்த்தை ஒரு பக்கம். எதிரே தெரிந்த அந்தப் பாறை ஒரு பக்கம். பெண்ணும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பா, அந்த மாமாவோடு போனால், எந்த வழியாகப் போனோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வீர்களா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது, எழுந்திருக்கவில்லை. காலையில் மறுபடி ராஜமலைக்குப் போய், மேகம் விலகிய இரண்டு நிமிஷத்தில் ஆனைமுடியைப் பார்த்து இருவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

வெள்ளைக் கொடி

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூன்று மணிச் சமாசாரம் உள்பட. கூடவே காஞ்சன்ஜங்காவின் கதையையும் சொன்னேன். 8,586 மீட்டர் உள்ள அந்தச் சிகரம் சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். 1955-ஆம் வருஷம் மே மாதம் அதை முதன்முதலில் ஏறிய ஆங்கிலேயர்கள், கொடுத்த வாக்கின்படி, உச்சிக்குச் சில அடி முன்னாலேயே நின்று திரும்பிவிட்டார்கள். உலகத்தின் மூன்றாவது பெரிய சிகரத்தின் கடைசிச் சில அடிகளை வேண்டாம் என்று விட்டவர்களை, ஏறாதவர்கள் என்று எவராவது சொன்னது உண்டா? நந்தாதேவியின் உட்பிரதேசமும், ஏறுகிறவர்கள் போட்ட குப்பையும் வெட்டிய விறகும் பொறுக்காமல், 1983-இல் மூடப்பட்டது.

வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "இருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தந்தான், ஸார். சிவப்புக் கொடி கிடையாது" என்று தீர்ப்புச் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. இருபது வருஷம் பாடம் சொன்னதற்குப் பிரயோஜனம் கிடைத்தது என்றே தோன்றிற்று. பிறகு ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்துச் சின்ன வெள்ளைக் கொடி ஒன்று செய்தாள். "போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்ததற்கு இது" என்று சொல்லி ஆனைமுடியில் குத்தினாள்.

இப்போது எங்கள் தேசப்படத்தில் ஐந்து சிவப்பும் ஒரு வெள்ளையும் இருக்கின்றன. இருபத்தெட்டும் இந்த ஜன்மத்தில் ஆகுமா என்பது சந்தேகம். வருகிற கோடையில் டார்ஜிலிங் போய், காஞ்சன்ஜங்காவைத் தூர இருந்து தரிசித்து, இன்னொரு வெள்ளைக் கொடி சம்பாதிக்க உத்தேசம். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சிவப்பானால் என்ன, வெள்ளையானால் என்ன? தைலச் செலவு ஒன்றுதான்" என்றாள்.