பாட்டியின் லை

சிராங்கூன் சாலையருகே வாழும் தமிழாசிரியர் ஒருவர், கடைப்பலகைகளை நாள்தோறும் படித்தாரேயன்றி எழுத்துகளைப் பார்த்ததில்லை. பொருள் விளங்கியதும் கண் நகர்ந்துவிடும். கற்றவர்க்கே உரிய குருடு போலும் இது!

ஒருமுறை மாணவி ஒருத்தி, ‘மலை’ என்னும் சொல்லில் லகரத்துக்கு முன் இணைக்கொம்பு இடாமல், அதன் தலைமேல் துதிக்கைபோல் வளைந்த கோடொன்றை எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தார். “பாட்டி இப்படித்தான் எழுதுவார், ஐயா” என்று கூறி அவள் தலைகவிழ்ந்தாள்.

அன்றிரவு தம் பெற்றோரின் 1966ஆம் ஆண்டுத் திருமண அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். பலமுறை படித்த தாள்தான். ‘காலை’யில் அதே துதிக்கை, ‘நன்னாளில்’ என்பதில் னகரமும் காலும் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன. அச்சுக்கோப்பவர் ஒவ்வொன்றுக்கும் தனி ஈய எழுத்தைத் தேடி எடுத்திருப்பார். அச்சுமை குறையவே பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் புதுவடிவங்களைப் புகுத்தினார். தமிழ்நாட்டரசு 1978இல் அவற்றை ஏற்றது. இவ்வரலாறு ஆசிரியர் அறியாததன்று, பாடமாக நடத்தியதே. ஆயினும் தம் வீட்டுப் பேழையில் அது இருந்ததை அவர் கண்டதில்லை.

மறுநாள் சுழியை அடித்துவிட்டு, ‘பழைய வடிவம்’ என்று அருகில் எழுதி மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தார். தேர்வில் இவ்வாறு எழுதலாகாது என்று சொல்லவும் வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் தாழ்ந்தது.

இப்பொழுது சாலையில் அவர் நடை மெதுவாகிவிட்டது. புள்ளி உதிர்ந்த மெய்யெழுத்தொன்றின் முன் நின்று, பேருந்தைத் தவறவிடுகிறார். அந்த மாணவியோ, பாட்டியின் பெயரைப் பழைய எழுத்தில் எழுதிவந்து அவரிடம் காட்டினாள்.