எளியோர்க்கு எளிய பொய் போதுமா?

நல்ல ஏடு நண்பன். தீய ஏடு பகைவன். இது பள்ளிப் பிள்ளையும் அறிந்த உண்மை. ஆனால், நண்பனைப் போல் நகைமுகம் காட்டிப் பகைவனின் வேலையைச் செய்திடும் ஏடுகளும் உண்டே! அறிவியலின் ஆடை அணிந்து மந்திரவாதியின் மொழியைப் பேசிடும் ஏடுகள்! அவற்றை அடையாளம் காண்பது எங்ஙனம்? எங்கள் படிப்பகத்திலே எழுந்த ஒரு வழக்கு, இந்தக் கேள்வியை என்முன் நிறுத்திற்று. அதனை இளந்தோழர்களின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

வெண்ணாற்றங்கரையிலே ஒரு சிற்றூர் எங்களது. படிப்பகம் என்றதும் மாளிகையை எண்ணிவிட வேண்டாம். ஓட்டுக்கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை, நாலைந்து நாளேடுகள், ஒரு அலமாரி, அவ்வளவே. சம்பா அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு திரட்டும் தொகையில் ஆண்டுதோறும் நூல் வாங்குவோம். இம்முறை இளைஞர்கள் கேட்டது குவாண்டம் கணினி பற்றிய நூல். 2023-ஆம் ஆண்டு ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் மன்றம் குவாண்டம் அறிவியல் ஆண்டாக அறிவித்தது. ஊரெங்கும் ஒலித்திடும் சொல்லுக்குப் பொருள் என்ன என்று உழவர் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது முறைதானே! ஆனால், கையிலிருந்த தொகை ஒரு நூலுக்கே போதும்.

இரண்டு நூல்கள் பேச்சுக்கு வந்தன. ஒன்று, பளபளப்பான அட்டை கொண்டது. நோய் தீர்க்கும், மழையை முன்கூட்டியே சொல்லும், எந்தக் கணக்கையும் இமைப்பொழுதில் முடிக்கும் என்று பக்கத்துக்குப் பக்கம் பரவசம்! இறுதியிலே, இவையெல்லாம் நம் முன்னோர் என்றோ கண்டவையே என்று ஒரு முத்தாய்ப்பு வேறு. மற்றொன்று, கிறிஸ் பெர்ன்ஹார்ட் என்னும் கணிதப் பேராசிரியர் எழுதி 2019-இல் வெளிவந்த ‘எல்லோருக்கும் குவாண்டம் கணினியியல்’ என்ற பொருள் தரும் ஆங்கில நூல். பெயரில்தான் எல்லோரும், உள்ளேயோ திசையன்களும் அணிகளும் அணிவகுத்து நிற்கின்றன!

படிப்பகத்தின் மூத்த தோழர் சொன்னார்: “தம்பி, நாற்று நட்டுக் களைத்து வருபவன் கையில் கணக்கைத் திணிக்காதே. முதல் நூலைப் படிப்பான். இரண்டாவது நூலில் தூசுதான் படியும்.” அன்பிலே பிறந்த சொல்தான். எனினும் என் உள்ளம் ஒப்பவில்லை.

அங்கே இருந்தாள் ஒரு பெண். கூலி உழவர் வீட்டில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தேறி, இப்போது தஞ்சையிலே கல்லூரியில் பயில்பவள். பளபளப்பு நூலைப் புரட்டியவள் கேட்டாள்: “அண்ணா, எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும் என்று எழுதியிருக்கிறதே! அப்படியானால், கடைசியில் நம் கைக்கு வருவது எந்த விடை?”

கேள்வி என்றால் அதுவல்லவோ கேள்வி! அந்த நூலின் முந்நூறு பக்கத்திலும் அதற்கு விடை இல்லை.

நம் வட்டாரத்துக் கணக்கொன்றைக் கொண்டே பார்ப்போம். ஒரு லாரி, இருபது கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டை ஏற்ற வேண்டும். எந்த வரிசையில் சென்றால் தூரம் குறையும்? பத்து நிலையங்களானால் வரிசைகள் 36,28,800. இருபதானால் 24 இலட்சம் இலட்சம் கோடிக்கும் மேல்! “இந்த வழி 300 கிலோமீட்டருக்குள் அடங்கும்” என்று ஒருவர் காட்டினால், கூட்டிப் பார்த்து உண்மையா எனச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அப்படியொரு வழியைத் தேடிக் காண்பதுதான் கடினம். கணக்கு வல்லுநர்கள் கண்டறிந்த நுட்பங்கள் பல உண்டு. எனினும் நிலையங்கள் எத்தனை பெருகினும் விரைந்து முடிக்கும் உறுதியான வழி இன்றுவரை கிட்டவில்லை. சரிபார்க்க எளிதானவை எல்லாம் கண்டுபிடிக்கவும் எளிதுதானா? 1971-இல் ஸ்டீபன் குக் வடிவம் தந்த கேள்வி இது. 2000-ஆம் ஆண்டு பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டும் தீர்வு காணப்படவில்லை.

குவாண்டம் பொறி இதனைத் தீர்த்துவிடுமா? குளத்திலே இரண்டு கல் எறிந்து பாருங்கள். அலைமுகடும் முகடும் சேர்ந்தால் உயரும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். குவாண்டம் பொறியில் ஒவ்வொரு விடைக்கும் அத்தகைய அலை அளவு ஒன்று உண்டு. அளந்து பார்த்த மறுகணம் நமக்குக் கிட்டுவது ஒரே ஒரு விடை, அதுவும் வாய்ப்பின்படி! வெறுமனே எல்லாவற்றையும் கலந்து வைத்து அளந்தால், கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்திட, சரியானது ஓங்கி நிற்கும்படி அமைப்பதே கலை. கணக்கிலே ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்தால் அது பெரும்பயன் தரும். 1994-இல் பீட்டர் ஷோர், பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிக்கும் வழியை அவ்வாறே கண்டார்.

ஒழுங்கு ஏதும் இல்லாத தேடலிலோ? பத்து இலட்சம் மூட்டையில் ஒன்றில் மோதிரம் கிடக்கிறது என்றால், 1996-இல் லோவ் குரோவர் கண்ட முறைப்படி ஆயிரத்தை ஒட்டிய படிகளில் தேடி எடுக்கலாம். அதாவது வர்க்கமூலம். அதற்கும் கீழே இறங்கிட இயலாது என்பதைப் பென்னட், பெர்ன்ஸ்டைன், பிரசார், வசிரானி என்னும் நால்வர் நிறுவிக் காட்டினர். அக்கட்டுரை 1997-இல் அச்சேறியது. லாரிக் கணக்கை இம்முறையில் தேடினால், இருபது நிலையங்களுக்கு 24 இலட்சம் இலட்சம் கோடி ஏறத்தாழ 156 கோடியாகக் குறையும். நாற்பது நிலையங்களானால் அந்த வர்க்கமூலமே 24 இலக்க எண்ணாகிவிடும்! இத்தகைய கணக்குகள் எல்லாவற்றையும் குவாண்டம் பொறி விரைந்து முடிக்கும் என்று எவரும் நிறுவியதில்லை.

ஆகவே தோழர்களே, நூல் தேர்வுக்கு மூன்று உரைகற்கள் வைத்தேன்.

முதலாவது: இந்தப் பொறியால் எது முடியாது என்பதை நூல் சொல்கிறதா? எல்லையைச் சொல்வது அறிவியல்; எல்லையற்ற ஆற்றல் என்று பேசுவது தாயத்து வணிகம்.

இரண்டாவது: படிப்பவன் கையில் எழுதுகோலைத் தருகிறதா? நம்பு என்று சொல்லாமல், போட்டுப் பார் என்று சொல்கிறதா?

மூன்றாவது: நடந்ததையும் நடக்கக்கூடும் என்பதையும் பிரித்துக் காட்டுகிறதா? 2019-இல் கூகுள் நிறுவனம், 53 கியூபிட் கொண்ட பொறி 200 நொடியில் செய்ததை முடிக்க மாபெரும் கணினிக்கும் 10,000 ஆண்டு ஆகும் என்றது. இரண்டரை நாளில் முடியும் என்று ஐ.பி.எம். மறுத்தது. முதல் செய்தியை மட்டும் சொல்லும் நூல் விளம்பரத் தாள். இரண்டையும் சொல்வதே நூல்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்பீர்கள். ஒரு நூல் செய்தியை மட்டுமா தருகிறது? சிந்திக்கும் பழக்கத்தையும் அல்லவா தருகிறது! சான்று தொலைவில் இல்லை, கும்பகோணத்திலேயே இருக்கிறது. 1903-ஆம் ஆண்டு வாக்கில், பள்ளி மாணவராயிருந்த இராமானுசன் கைக்குக் கார் என்னும் இலண்டன் ஆசிரியர் தொகுத்த கணித நூல் கிட்டியது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள், நிறுவல்களோ பெயரளவுக்கே. அம்பாள் அருள் என்பார் சிலர். அந்த நூலும், முழங்கையால் துடைத்துத் துடைத்து எழுதிய சிலேட்டும் நம் கண்முன் நிற்கின்றன. கடினமான நூல் ஒன்று, காவிரிக்கரைச் சிறுவனை உலகறியச் செய்தது. ஆனால், அந்த நூலின் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது. தம் குறிப்பேடுகளிலும் முடிவுகளை எழுதினாரேயன்றி, நிறுவல்களைப் பெரும்பாலும் எழுதவில்லை. அவற்றை நிறுவிக் காட்டும் பணியில் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன.

இதிலிருந்து நான் பெற்ற பாடம் இரண்டு. கடினமான நூலைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சத் தேவையில்லை. காரணம் காட்டும் நூலாக மட்டும் அது இருக்கட்டும். அன்று அந்தக் கல்லூரி நூலகத்தின் படியேற எத்தனை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி இருந்தது? இன்று வழி திறந்திருக்கிறது. அந்த வாயிலில் நின்றுகொண்டு, “உனக்கு இது புரியாது, பளபளப்பு போதும்” என்று நாமே சொல்லலாமா? ஏட்டைத் தொடாதே என்றது பழைய ஆதிக்கம். எளியவனுக்கு எளிய பொய் போதும் என்பது அதே ஆதிக்கத்தின் புதிய குரல். அன்பின் குரலில் வந்தாலும் ஏற்பதற்கில்லை.

மன்றத்திலே இவற்றைச் சொன்னேன். மூத்த தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்: “வாங்கு தம்பி. தூசு படிந்தால் துடைப்பது உன் வேலை!”

பெர்ன்ஹார்ட்டின் நூல் வந்து சேர்ந்தது. ஞாயிறு மாலைகளில் படிக்கிறோம். பதினொருவர் தொடங்கினோம், இரண்டாவது அத்தியாயத்து இயற்கணிதத்தைக் கடந்தபோது ஆறு பேர் இருந்தோம். அணிப் பெருக்கலைக் கரும்பலகையில் விளக்குபவள், அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண்தான். களத்து வேலை முடித்து வருபவர்கள் அவளிடம் கேட்கிறார்கள்: “அது ஏன் அப்படி?” அவள் மழுப்புவதில்லை, போட்டுக் காட்டுகிறாள்.

உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் இப்படியொரு நாள் வரும், தோழர்களே! அட்டையைப் பார்க்காதீர்கள், ஆரவாரத்தைக் கேளாதீர்கள். “இதனால் எது முடியாது?” என்று நூலிடம் கேளுங்கள். விடை சொல்லும் நூலை, விலை சற்றுக் கூடினும், வீட்டுக்கு வீடு திரட்டியேனும் வாங்குங்கள்!